நாற்றத்தின் விலை

1858ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் கடும் வெயில். தேம்ஸ் நதியின் கரைகளில் படிந்து கிடந்த மலக்கழிவு வெந்து நாறியது. ஆற்றோரமாய் எழும்பியிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளை வெளுப்புச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழுக்கூட்ட அறையிலிருந்து வெளியேறினார். வரலாறு இந்தக் கோடையைப் 'பெரும் நாற்றம்' என்றே குறித்து வைத்திருக்கிறது.

இந்த நாற்றத்துக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணமும் உண்டு என்பதுதான் விசித்திரம். 1815 வரை வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையில் விடுவது லண்டனில் குற்றம். சாக்கடை மழைநீருக்கு மட்டுமே உரியது. மலம் வீட்டடியிலிருந்த குழிகளில் தேங்கியது. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று உறுதியாய் நம்பிய எட்வின் சாட்விக் போன்ற சீர்திருத்தக்காரர்கள், 1840களின் இறுதியில் குழிகளை மூடவைத்துக் கழிவையெல்லாம் சாக்கடைக்குத் திருப்பினார்கள். சாக்கடை நதிக்குப் போயிற்று. அதே நதியிலிருந்துதான் பல தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீர் எடுத்து விற்றுக்கொண்டிருந்தன. 1848-49 காலராவில் லண்டனில் மாண்டவர்கள் 14,000க்கும் மேல். 1853-54இல் மீண்டும் 10,000க்கும் மேல்.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 1855 ஜூலையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் போகும்போது வெள்ளைக் காகிதத் துண்டுகளை நனைத்து ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஓரங்குலம் அமிழ்வதற்குள் அவை கண்ணுக்குத் தெரியாமல் போயின. இதை அவர் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. வேறொன்றும் நடக்கவில்லை.

திட்டம் இல்லாமற்போனது காரணமன்று. 1856இல் இயங்கத் தொடங்கிய மாநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட், ஆற்றுக்கு இணையாகப் பெருஞ்சாக்கடைகளை ஓட்டி, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோய்விடும் வரைபடத்தை அவ்வாண்டே தந்துவிட்டார். ஆனால் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கழிவு எந்த இடத்தில் ஆற்றில் விழவேண்டும் என்பதில் அமைச்சகத்துக்கும் வாரியத்துக்கும் தகராறு. கோப்பு இங்கும் அங்குமாக ஈராண்டுகள் அலைந்தது. கோப்புகளின் குணம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பிறகு அந்தக் கோடை வந்தது. ஜூலை 15ஆம் தேதி டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு 2ஆம் தேதி அது சட்டமாயிற்று. பதினெட்டே நாட்கள்! இருபத்து நாலாயிரம் பிணங்கள் திறக்காத கஜானாவை ஒரு மாத நாற்றம் திறந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. நாற்றம் ஏழைகளின் சந்துகளிலேயே நின்றிருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

கஜானா திறந்தது என்றோமே, அதையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சட்டப்படி வாரியம் முப்பது லட்சம் பவுண்டு கடன் வாங்கலாம். அரசு அதற்கு உத்தரவாதம் நிற்கும். கடனை அடைப்பது லண்டன்வாசிகளின் பொறுப்பு. வீட்டின் வரிமதிப்பில் பவுண்டுக்கு மூன்று பென்னி வீதம் நாற்பது ஆண்டுகளுக்கு வரி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற அக்காலக் கணக்கில் இது எண்பதில் ஒரு பங்கு. வரி கட்டிய வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றாமலா இருந்திருப்பார்? ஆக, ஒண்டுக் குடித்தனக்காரர் வரை எல்லோரும் இந்த நதியைத் துலக்கக் காசு கொடுத்தார்கள்.

கொடுத்த காசுக்குப் பலன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிட்டிவிடவில்லை. 1865 ஏப்ரலில் கிராஸ்னஸ் நீரேற்று நிலையத்தை இளவரசர் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு காலரா வந்தபோது நகரின் பெரும்பகுதி தப்பியது. கிழக்கு லண்டனில் மட்டும் 5,596 பேர் செத்தார்கள். பெருஞ்சாக்கடைத் திட்டம் அப்போது அங்கே முடிந்திருக்கவில்லை. அந்தப் பகுதியின் தண்ணீர்க் கம்பெனி விற்ற நீரும் மாசுபட்டிருந்தது.

காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதாடிவந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, 1858 ஜூன் 16ஆம் தேதி, நாற்றத்தின் உச்சத்தில் இறந்துபோனார். சட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் அவரை நம்பியவர்களல்லர். துர்நாற்றத்தை ஒழித்தால் நோய் ஒழியும் என்று எண்ணித்தான் பணத்தை அனுமதித்தார்கள். தவறான காரணத்துக்காகச் செலவிட்ட பணம் சரியான வேலையைச் செய்தது.

கழிவு சுத்திகரிக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. அவ்வளவே. 1878இல் அந்தக் கழிவு விழும் இடத்துக்கு அருகே 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற கப்பல் மூழ்கி 600க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, கசடைப் பிரித்துக் கடலுக்கு ஏற்றிச் செல்லும் ஏற்பாடு வந்தது. 1887இல் தொடங்கிய அந்த வழக்கம் 1998 வரை நீடித்தது.

பேசல்ஜெட்டின் செங்கல் சாக்கடைகள் இன்றும் வேலை செய்கின்றன. ஆனால் பெருகிவிட்ட நகரின் கழிவை அவற்றால் தாங்க முடியாமல், ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் ஆற்றில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை வெட்டி 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைத்தார்கள். செலவு நானூற்றைம்பது கோடிப் பவுண்டு அளவில். 1989இல் தனியாருக்குப் போய்விட்ட தண்ணீர் வாரியத்தின் வாரிசான நிறுவனம், அந்தச் செலவை வீடுகளின் கழிவுநீர்க் கட்டணத்தில் சேர்த்து வசூலிக்கிறது. இம்முறையும் அரசு கொடுத்தது ஓர் உத்தரவாதம்தான்.