பீங்கான் கடைக்காரரும் ஓவிய ஆசிரியரும் செய்த கிட்டார்

1870-ஆம் ஆண்டு வாக்கில், ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கரையில் உள்ள அல்மேரியா என்ற துறைமுக ஊரில் ஒருவர் பீங்கான், கண்ணாடிச் சாமான்கள் விற்கும் கடை திறந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை செய்துவந்த தொழில் குடும்பத்துக்குப் போதிய வருமானம் தரவில்லை. அவர் பெயர் அந்தோனியோ தெ தோரெஸ். செய்துவந்த தொழில் கிட்டார் செய்வது. இன்று உலகில் எந்த நாட்டில் கிளாசிக்கல் கிட்டார் செய்தாலும், இந்தக் கடைக்காரர் வகுத்த அளவையும் அமைப்பையும் ஒட்டியே செய்கிறார்கள்.

கிட்டார் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோயில் பாடகர் குழுவும் கலியாணக் கச்சேரியும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கம்பித் தந்தி போட்டு அடிக்கும் கிட்டார் அல்ல. நைலான் தந்தி கட்டி, ஒவ்வொரு விரலாலும் தனித்தனியே மீட்டி வாசிக்கும் கிட்டார். அதன் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் என்னைக் கவர்ந்தது. அதை வளர்த்தவர்களில் முக்கியமான சிலர், வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறார்கள்.

தோரெஸ் 1817-இல் பிறந்தவர். தகப்பனார் வரி வசூலிக்கும் வேலையில் இருந்தார். மகனைப் பன்னிரண்டு வயதில் தச்சு வேலைக்கு அனுப்பினார்கள். பிறகு செவில்யா நகரில் கிட்டார் செய்பவராகத் தலையெடுத்தார். 1858-இல் அந்த நகரில் நடந்த பொருட்காட்சியில் பதக்கமும் வாங்கினார். அவருக்கு முன் இருந்த கிட்டார்கள் உடல் சிறியவை, ஓசையும் மெல்லியது. தோரெஸ் உடலைப் பெரிதாக்கினார். தந்தியின் நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவில் நிலைநிறுத்தினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் ஏழு மெல்லிய சட்டங்களை விசிறி விரித்ததுபோல் ஒட்டினார். விசிறிச் சட்டம் அவருக்கு முன்பே உண்டு. அதை ஒழுங்கான முறையாக்கியவர் அவர்.

ஓசை எங்கிருந்து வருகிறது என்று காட்ட அவர் ஒரு காரியம் செய்தார். 1862-இல் ஒரு கிட்டாரின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் வெறும் அட்டையால் செய்தார். மேற்பலகை மட்டும் நல்ல மரம். ஓசைக்கு முதல் காரணம் மேற்பலகைதான் என்பதே அவர் கட்சி. அந்த அட்டைக் கிட்டார் இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடை திறந்த பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1875-இலிருந்து கடை வேலை போக மீதி நேரத்தில் மறுபடி கிட்டார் செய்யத் தொடங்கினார். கிட்டாருக்குள் ஒட்டும் சீட்டில் ‘இரண்டாம் காலம்’ என்று அச்சிட்டு, எண்ணையும் புதிதாகத் தொடங்கினார். 1892-இல் இறக்கும்வரை அந்த வேலை நடந்தது. அவருக்கு நெருக்கமான ஒரு பாதிரியார் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி ஒன்று உண்டு. உங்கள் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, அது தன் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருக்கிறது, பலகையைத் தொட்டால் விரல் சொல்லும், அதைப் பிறருக்குக் கொடுக்க வழியில்லை என்ற பொருளில் தோரெஸ் பதில் சொன்னாராம்.

இனி பாரீசுக்குப் போவோம். கிட்டார் செய்பவரைப் பிரெஞ்சில் ‘லூத்தியே’ என்பார்கள். ‘லூத்’ என்ற பழைய தந்தி வாத்தியத்திலிருந்து வந்த சொல். அந்த ‘லூத்’ அரபு மொழியின் ‘அல் ஊத்’ என்பதிலிருந்து வந்தது. இன்னொரு சொல் ‘அமத்தேர்’. நாம் அமெச்சூர் என்று சொல்லி, அரைகுறை என்ற பொருளில் ஒதுக்கிவிடுகிறோம். பிரெஞ்சு வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பொருள் வேறு: ஒன்றின்மேல் பிரியம் வைத்தவர். லத்தீன் வேர்ச்சொல்லும் அதையே சொல்கிறது.

அப்படி ஒரு ‘அமத்தேர் லூத்தியே’ ரொபேர் பூஷே. 1898-இல் பிறந்தவர். ஓவியர், ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். கிட்டார் வாசிப்பதில் ஆசை. பாரீசில் ஹூலியான் கோமெஸ் ராமிரெஸ் என்ற ஸ்பானியர் கிட்டார் பட்டறை வைத்திருந்தார். பூஷே அங்கே போய் உட்கார்ந்து, அவர் கை எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். முறையான பயிற்சி எதுவும் இல்லை. போர் முடிந்து 1946-இல், தனக்கு ஒரு கிட்டார் வேண்டும் என்று தானே செய்யத் துணிந்தார். அப்போது வயது 48. வாழ்நாளில் அவர் செய்தவை ஏறக்குறைய 150. ஆண்டுக்கு நான்கைந்துகூடத் தேறாது. ஆனால் இதா பிரெஸ்தி, அலெக்சாந்தர் லகோயா, இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் போன்ற பெரிய வித்வான்கள் அவற்றை மேடையில் வாசித்தார்கள்.

தோரெஸ் முறையைப் பின்பற்றியே தொடங்கிய பூஷே, பிறகு தந்திப் பாலத்துக்கு நேர் கீழே ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்தார். கிட்டார் செய்பவர்கள் இன்றும் அதை ‘பூஷே சட்டம்’ என்றே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரியம் அவருடைய நோட்டுப் புத்தகம். முதல் கிட்டாரிலிருந்தே அளவு, கருவி, செய்யும் முறை எல்லாவற்றையும் படம் போட்டு எழுதி வைத்தார். பிற்காலத்தில் அது நூலாகவே அச்சாகிவிட்டது. தோரெஸ் விரலோடு கொண்டுபோனதை, தன்னால் முடிந்த அளவு பூஷே காகிதத்தில் இறக்கிவைத்தார். ஆயுள் முழுக்கக் கோப்பும் பதிவேடுமாக இருந்த என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு அதன் அருமை தெரியும்.

செய்யும் வேலை எப்படிப்பட்டது? மேற்பலகைக்குப் பிரெஞ்சில் ‘தாப்ல் தார்மொனி’ என்று பெயர். நாதப் பலகை எனலாம். குளிர்ப்பிரதேசத்து ஸ்ப்ரூஸ் மரத்தை நடுவில் பிளந்து, புத்தகம் விரிப்பதுபோல் விரித்து ஒட்டுவார்கள். பிறகு இழைப்புளியால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு இறக்க வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் கூட, ஓரிடத்தில் கொஞ்சம் குறைய. விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே இழைக்க வேண்டும். பக்கப் பலகைகளை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாய்மேல் வைத்து மெல்ல வளைப்பார்கள். அவசரப்பட்டால் விரிந்துவிடும். ஒட்டுவதற்குப் பழைய முறையில் வஜ்ஜிரம்.

மெட்டு வைப்பது சுத்தமான கணக்கு. தந்தி நீளம் 650 மில்லிமீட்டரை 17.817 ஆல் வகுத்தால் 36.48; முதல் மெட்டு அந்தத் தூரத்தில். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 325-இல் வந்து நிற்கும். மொத்தம் 19 மெட்டுகள். வீணையில் மெழுகின்மேல் மெட்டு பதிப்பதால் பின்னால் திருத்திக்கொள்ளலாம்; கிட்டாரில் மரத்தில் அறுத்து அடிப்பதால் அந்தச் சலுகை இல்லை.

இந்த வேலையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் முன்பு பிரேசில் நாட்டு மரத்தைத்தான் தேடினார்கள். அது அருகிப்போய், 1992-இல் அதன் பன்னாட்டு வியாபாரத்துக்கே தடை வந்தது. அதற்கு முன்பிருந்தே, 1960-களுக்குப் பிறகு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது நம் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி. நீலகிரி, வயநாடு பக்கத்து மலைக்காடுகளில் வளர்வது. விரல் வைக்கும் பலகைக்குக் கருங்காலி. மெருகேற்றுவதற்கு அரக்கு, அதைச் சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் நனைத்து, நாள் கணக்கில் தேய்ப்பார்கள். இதற்கு ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் பிரெஞ்சு, அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. இப்போது ஈட்டி மரத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. ஒரு மரம் முதிர எத்தனை தலைமுறை ஆகும் என்று நினைத்தால், அது நியாயமே.

பூஷேயிடம் வழிகாட்டல் பெற்றவர்களில் தானியேல் ஃபிரெதரிக் பேர்பெற்றவர். மேசை, அலமாரி செய்யும் குடும்பத் தொழிலிலிருந்து வந்தவர். அவரும் தன் கிட்டார்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் இர்விங் ஸ்லோன் என்பவர் 1966-இல் கிட்டார் செய்யும் முறையைப் படிப்படியாகப் படத்தோடு புத்தகமாக எழுதினார். அதைப் பார்த்து எத்தனையோ பேர், வேலை நேரம் போக, வீட்டு மூலையில் கிட்டார் செய்யக் கற்றார்கள். பட்டறைக்குள் தகப்பனுக்குப் பின் மகன் என்றிருந்த வித்தை, எழுத்து வழியாக வெளியே வந்தது இப்படித்தான்.

தோரெஸ் சொன்னதும் பொய்யல்ல. பூஷேயின் நோட்டை வரிக்கு வரி பின்பற்றினாலும் பூஷே கிட்டார் வந்துவிடாது; விரல் பழக வேண்டும். ஆனால் எழுதி வைத்தால், அடுத்தவர் முதல் படியிலிருந்து தடுமாறாமல் நாலாவது படியிலிருந்து தொடங்கலாம். நண்பர்களே, நம் வயதில் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு பக்குவம் இருக்கிறது. ஊறுகாயோ, கூடை முடைவதோ, பழைய கடிகாரம் பழுது பார்ப்பதோ, எதுவானாலும் சரி. ‘கண்ணளவு, கையளவு’ என்று சொல்லி விட்டுவிடாமல், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அளவோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். படம் வரையத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.