கியர் பெட்டிக்குள் ஒரு திமிங்கலம்

ஒரு கார் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், கியர் பெட்டி போனால் என்ன செலவு ஆகும் என்று! அந்தப் பெட்டியின் ஆயுள் ஒரு காலத்தில் ஆழ்கடலில் வாழும் ஒரு உயிரினத்தை நம்பி இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? கதை அமெரிக்காவில் நடந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ல் ஹைட்ரமாட்டிக் என்ற கியர் பெட்டியை அறிமுகம் செய்தது. 1940ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது முதலில் வந்தது. கிளட்ச் மிதி கிடையாது. நான்கு கியர்களும் தாமாகவே மாறிக்கொள்ளும். ஆனால் இவ்வளவு சிக்கலான ஒரு இயந்திரம் தாங்குமா என்ற சந்தேகம் மக்களுக்கு இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது இரண்டாம் உலகப் போர். எம்5 ஸ்டூவர்ட் என்ற சுமார் 15 டன் எடையுள்ள டாங்கியில் இரண்டு காடிலாக் என்ஜின்களையும் இரண்டு ஹைட்ரமாட்டிக் பெட்டிகளையும் பொருத்தினார்கள். போர் முடிந்ததும் "டாங்கியையே இழுத்த பெட்டி" என்பது விற்பனைக்கு நல்ல விளம்பரமாகிவிட்டது. 1952 முதல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே இதைப் பயன்படுத்தத் தொடங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண கியர் பெட்டியில் எண்ணெயின் வேலை பற்களைத் தேயாமல் காப்பது, அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் பெட்டியில் அப்படி இல்லை. என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவதே அந்த எண்ணெய்தான். உள்ளே இருக்கும் வால்வுகளை இயக்கும் அழுத்தமும் அதனுடையதே. சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும் அதுதான். இவை எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை இன்னொன்று உண்டு. கியர் மாறும்போது எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். சட்டென்று பிடித்தால் வண்டி தூக்கிப் போடும். வழுக்கிக்கொண்டே இருந்தால் சூடேறி, தட்டின் மேல் உள்ள உராய்வுப் பூச்சு கருகிவிடும். ஆக, எண்ணெய் வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது! இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்காக எண்ணெயில் சேர்க்கும் பொருளை உராய்வுச் சீராக்கி என்று சொல்லலாம்.

1949ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த எண்ணெய்க்கு டைப் ஏ என்ற பெயரில் ஒரு தர வரையறையை வெளியிட்டது. 1957ல் அதைத் திருத்தியது. 1967ல் டெக்ஸ்ரான் வந்தது. இந்த எண்ணெய்களில் உராய்வுச் சீராக்கியாகச் சேர்க்கப்பட்டது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். (அம்பர்கிரீஸ் கடத்தல் என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோமே, அதைத் தருவதும் இதே திமிங்கலம்தான்.)

ஏன் திமிங்கலம்? கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றின் வேதியியல் அமைப்பு வேறு, ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயின் அமைப்பு வேறு. இது உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ வடிவில் உள்ள ஒரு மெழுகு. குளிரிலும் சூட்டிலும் இதன் தடிமன் அதிகம் மாறுவதில்லை, எளிதில் சிக்குப் பிடிப்பதில்லை, உலோகத்தின் மேல் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. கந்தகம் சேர்த்துப் பக்குவம் செய்தால் கடுமையான அழுத்தத்தையும் தாங்கும். ஒரு பெரிய ஆண் திமிங்கலத்தின் தலையில் மட்டும் 1,900 லிட்டர் வரை இருக்கும். அமெரிக்க அரசு போர்க்காலத் தேவைக்காகச் சேமித்து வைத்த பொருட்களின் பட்டியலில் இந்த எண்ணெயும் இருந்தது. 19ம் நூற்றாண்டில் விளக்கெரிக்க எடுத்த எண்ணெய், மண்ணெண்ணெய் வந்ததும் தேவையற்றுப் போயிருக்க வேண்டும். மாறாக இயந்திர யுகம் அதற்கு மறுபடியும் வேலை கொடுத்தது. 1960களின் நடுவில் உலகம் முழுவதும் வருடத்துக்கு 20,000க்கும் அதிகமான ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. எல்லாமே கியர் பெட்டிக்காக அல்ல. தோல் பதனிடுதல், சோப்பு, மற்ற இயந்திர எண்ணெய்கள் என்று பல தேவைகள் இருந்தன. ஆனாலும் காரில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்த் திமிங்கலத்தை வேடிக்கை பார்த்த ஒருவர், அதன் ஒரு துளியைத் தன் வண்டிக்குள்ளேயே வைத்திருந்தார் என்பதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

1970ல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்து இறக்குமதியைத் தடுத்தது. நாட்டின் கடைசித் திமிங்கல வேட்டை நிலையம் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1971ல் மூடப்பட்டது. 1972ல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1973ல் அழியும் உயிரினங்கள் சட்டமும் வந்து கதவை முழுவதுமாக அடைத்துவிட்டன. எண்ணெய் நிறுவனங்களுக்கு மாற்றுப் பொருள் தேட அதிக அவகாசம் கிடைக்கவில்லை.

அடுத்து வந்த டெக்ஸ்ரான் 2 எண்ணெயில் திமிங்கலம் இல்லை. ஆனால் அதன் முதல் வடிவத்தில் ஒரு கோளாறு இருந்தது. கியர் எண்ணெயைக் குளிர்விக்க, ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு சிறிய குளிர்விப்பான் வைத்திருப்பார்கள். புதிய எண்ணெய் அதன் ஈயப் பற்றுகளை மெல்ல அரித்தது. பற்று விட்டதும் ரேடியேட்டர் தண்ணீர் கியர் எண்ணெயில் கலக்கும். கிளட்ச் தட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசைக்குத் தண்ணீர்தான் எமன். பூச்சு உரிந்தால் பெட்டி முடிந்தது. பிறகு அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்த்துத் திருத்திய வடிவத்தை வெளியிட்டார்கள்.

1970களில் கியர் பெட்டிகள் அதிகம் கெட்டுப்போனதற்குத் திமிங்கலத் தடைதான் காரணம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை முழுவதும் ஏற்க முடியாது. அதே காலத்தில் ஃபோர்டு கார்களுக்கான டைப் எஃப் எண்ணெயில் உராய்வுச் சீராக்கியே கிடையாது. அந்தக் கார்களில் கியர் கொஞ்சம் அழுத்தமாக மாறும், அவ்வளவுதான். அடுத்து, 1973ன் பெட்ரோல் நெருக்கடி. எரிபொருளை மிச்சப்படுத்த வண்டியின் எடையைக் குறைக்க வேண்டி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1976ம் வருட மாடல்களில் டிஎச்எம் 200 என்ற இலகுவான பெட்டியைக் கொண்டு வந்து, அதைச் சற்றுப் பெரிய கார்களிலும் பொருத்தியது. அது சீக்கிரமே பழுதாகிறது என்று புகார்கள் குவிந்தன. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வரை விஷயம் போனது. 1983ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் நடுவர் முன் முறையிட்டு இழப்பீடு கேட்கலாம் என்றானது. இந்தப் பெட்டியின் தோல்விக்குத் திமிங்கலத்தின் மேல் பழி போட முடியுமா? அதே நிறுவனம் 1964ல் கொண்டு வந்த டர்போ ஹைட்ரமாட்டிக் 400 என்ற கனமான பெட்டி, எண்ணெய் மாறிய பிறகும் நன்றாகவே உழைத்தது. 1976ல் வந்த ஃபெராரி 400 காரின் ஆட்டோமேட்டிக் வடிவத்தில்கூட அதுதான் இருந்தது!

மாற்றுப் பொருள் தேடிய கதையில் ஒரு பாலைவனச் செடியும் உண்டு. ஜோஜோபா (ஹொஹோபா என்பதே சரியான உச்சரிப்பு) அரிசோனா, மெக்சிகோ பகுதிகளில் தானாக வளரும் புதர். அதன் விதையில் ஏறக்குறைய பாதி திரவ மெழுகுதான். ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய்க்கு இவ்வளவு நெருக்கமான பொருள் தாவர உலகில் வேறு இல்லை என்றே சொல்லலாம். இது 1930களிலேயே அரிசோனாவில் ஆராயப்பட்டது. திமிங்கலம் மலிவாகக் கிடைத்தவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. தடை வந்த பிறகு 1972ல் சான் கார்லோஸ் அப்பாச்சி பழங்குடியினர் காட்டில் அலைந்து விதை பொறுக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஆனால் செடி காய்க்க வருடங்கள் ஆகும், விலையும் அதிகம். ஆராய்ச்சிக்கூடங்களில் செயற்கை மாற்றுப் பொருட்கள் உருவாகிவிட்டதால் கார் உலகம் ஜோஜோபாவுக்காகக் காத்திருக்கவில்லை. அது ஷாம்புவிலும் முகப்பூச்சிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1982ல் திமிங்கலப் பொருட்களின் இறக்குமதியைத் தடை செய்தது. சர்வதேசத் திமிங்கல ஆணையம் அதே வருடம் எடுத்த வேட்டை நிறுத்த முடிவு 1986ல் நடைமுறைக்கு வந்தது. கியர் பெட்டியின் பக்கம் 1993ல் டெக்ஸ்ரான் 3ம் 2005ல் டெக்ஸ்ரான் 6ம் வந்தன. பிந்தைய எண்ணெய்கள் திமிங்கலம் கலந்த பழையவற்றைவிடச் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. பழைய ஹைட்ரமாட்டிக் கார்களைப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் பலர், "டைப் ஏ ஊற்றவும்" என்று கையேட்டில் இருக்கும் பெட்டிகளில் இன்று டெக்ஸ்ரானைத்தான் ஊற்றுகிறார்கள்.