நகம் சதையை விட்டு ஏன் பிரிகிறது?

நகத்தின் நுனியில் வெள்ளையாகத் தெரிந்த பகுதி, நாளாக ஆக உள்நோக்கி ஏறுகிறது. வலி இல்லை. அழுக்கு என்று நினைத்துப் பலர் ஊசியாலோ குச்சியாலோ சுரண்டுகிறார்கள். உண்மையில் அது அழுக்கல்ல. நகம் அடிச்சதையை விட்டுக் கிளம்பி, இடையில் காற்று புகுந்திருக்கிறது. மருத்துவர்கள் இதை ஒனிக்கோலைசிஸ் என்பார்கள். சுரண்டச் சுரண்டப் பிளவு பெரிதாகும்.

கை நகங்களில் இது வருவதற்குத் தண்ணீரும் சோப்பும் முக்கியக் காரணங்கள். பாத்திரம் கழுவி, துணி துவைத்து, மீன் ஆய்ந்து நாள் முழுக்க ஈரத்திலேயே இருக்கும் கைகளில் நகம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். நீளமாக வளர்த்த நகமோ எதிலாவது இடிபட்டால் நெம்புகோல் போலத் தன்னையே கிளப்பிவிடும். நகப் பாலிஷ், ஒட்டு நகத்தின் பசை ஆகியவையும் காரணமாகலாம். கால் பெருவிரலில் என்றால் இறுக்கமான ஷூவையும் பூஞ்சைத் தொற்றையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பல விரல்களில் ஒரே சமயத்தில் பிரிந்தால் உடலுக்குள் காரணம் இருக்கலாம். சொரியாசிஸ், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை அவற்றில் சில. டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடும்போது கடும் வெயில் பட்டாலும், சில புற்றுநோய் மருந்துகளாலும் இப்படி ஆவதுண்டு.

குழந்தைகள் விஷயம் வேறு. கை, கால், வாய்ப் புண் காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் அடிப்பக்கத்திலிருந்து கழன்று விழலாம். தாய்மார்கள் பதறுவார்கள். தேவையில்லை, புது நகம் தானாக வளரும்.

பிரிந்த நகம் மறுபடி ஒட்டாது. கிளம்பிய பகுதியை ஒட்ட வெட்டிவிட்டு, புதிதாக வளரும் வரை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் முக்கிய வைத்தியம். பாத்திரம் கழுவும்போது பருத்தி உறைமேல் ரப்பர் உறை போடலாம். ஒளுச் செய்த பிறகு விரல் நுனிகளையும் கால் விரல் இடுக்குகளையும் துணியால் ஒற்றிக்கொள்ளலாம். கை நகம் முழுதாக வளர சுமார் 6 மாதம், கால் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் ஆகும்.

நகத்தடி பச்சையாக மாறினால் பாக்டீரியா புகுந்திருக்கும். பூஞ்சை என்று நீங்களே முடிவு செய்து மாத்திரை வாங்காதீர்கள். அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. நகத் துணுக்கைப் பரிசோதித்த பிறகே சாப்பிட வேண்டும். அடிபடாமலேயே ஒரே நகத்தில் கருங்கோடு தோன்றி அகலமானால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.