அழுக்கு என்று நினைத்த வெளிச்சம்



கே.கே. நகரில் எங்கள் தெருவில் இருக்கும் என் பழைய மாணவி இப்போது செல் ஆராய்ச்சி செய்கிறாள். "சாயமே போடாம உயிருள்ள செல்லுக்குள்ள கொழுப்பைப் பார்க்கிறோம் சார். எல்லாம் நம்ம ராமன் விளைவுதான்" என்றாள். பிப்ரவரி 28 அன்று மட்டும் ராமனை நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செல் ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்ட ஒளிரும் சாயத்தை ஒட்டவைப்பது வழக்கம். ஆனால் சாயம் செல்லின் இயல்பைக் கெடுக்கலாம். லேசர் பட்டுப்பட்டு மங்கும். சிறிய மருந்து மூலக்கூறில் ஒட்டினாலோ, குருவி தலையில் பனங்காய்தான்.

1923, கல்கத்தா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ராமன் அங்கே பேராசிரியர். அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணீருக்குள் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, நிறம் மாறிய மங்கலான வெளிச்சம் ஒன்று தெரிந்தது. தண்ணீரிலுள்ள அழுக்குதான் ஒளிர்கிறது என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். வெளிச்சம் போகவில்லை.

வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1928இல் பல திரவங்களில் அதையே சோதித்தார். வெளிச்சம் நன்றாகத் துருவப்பட்டிருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. மூலக்கூறின் அதிர்வுதான் ஒளியின் நிறத்தை மாற்றுகிறது என்று புரிந்தது. 'நேச்சர்' இதழில் வந்த கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அதிர்வு. அதனால் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாம் சாயமின்றியே தம்மைக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் ஒன்றுதான்: அந்த ஒளி மிக மிகக் குறைவு. 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தனி ஒரு உயிருள்ள செல்லில் அதை அளந்தார்கள். அதற்கு நேரம் பிடித்தது. 2008இல் ஹார்வர்டில் சன்னி ஷீ குழுவினர் இரண்டு லேசர்களைச் சேர்த்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் மூலக்கூறின் அதிர்வுக்குப் பொருந்தும்படி வைத்தார்கள். ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவது போல. சமிக்ஞை பலமானது, செல்லுக்குள் கொழுப்பு படமாகத் தெரிந்தது.

வேடிக்கை பாருங்கள். அன்று ராமன் ஒளியை 'ஒளிர்வு' என்று ஒதுக்கப் பார்த்தார்கள். இன்று ராமன் நுண்ணோக்கியில் செல்லின் சொந்த ஒளிர்வுதான் ஒதுக்கவேண்டிய தொல்லை.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் கணக்குக்குள் வராத அளவு வந்தால், 'பிழை' என்று எழுதி மூடவிடாதீர்கள். இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். பிப்ரவரி 28 அன்று ராமநாதன், கிருஷ்ணன் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.