பேசாத டிரைவரும் பசுந்தேயிலை எடையும்

கோத்தகிரிப் பக்கத்து எடைக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலையில் பசுந்தேயிலைச் சாக்குகள் வந்து இறங்குகின்றன. தராசின் பின்புறம் ஒன்பது முனை சீரியல் போர்ட். புதுக் கணினியில் அது இல்லை, அதனால் நடுவில் ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர். அடுத்த ஜீப் வரத் தாமதமானால் கணினி தானாக உறங்கிவிடும். அந்த உறக்கத்தில் போர்ட்டுக்கு மின்சாரம் நின்று வந்திருந்தால், கன்வெர்ட்டரை யாரோ புதிதாகச் செருகியதாகவே லினக்ஸ் நினைக்கக்கூடும். முதலில் கிடைத்த பூஜ்ய எண் போர்ட்டை எடை மென்பொருள் விடாமல் பிடித்திருக்க, கன்வெர்ட்டருக்கு ஒன்றாம் எண் கிடைக்கும். தராசில் 23.4 கிலோ தெரியும். திரையில் ஒன்றும் வராது. சாக்கோடு நிற்பவருக்கு ரசீது இல்லை.

இதன் வேர் பழையது. 1992இல் வந்த ஏபிஎம் என்ற மின்மேலாண்மை முறையில் கணினியின் உறக்கத்தைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏசிபிஐ அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடம் கொடுத்தது. உறங்குமுன் சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்து, எழுந்ததும் மீட்பது அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் தலையில் விழுந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட டிரைவர்களுக்கு இந்தப் பேச்சே தெரியாது. எழுதியவர் எங்கோ போயிருப்பார். சாதனம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் வீட்டு வழக்கம். மறுப்புச் சொல்லாத சாதனத்தை உறங்கவைக்கலாம் என்று லினக்ஸும் முதலில் எடுத்துக்கொண்டது. பட்டுத்தான் அதைக் கைவிட்டது, அதுவும் பாதியளவே. சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கும் வசதியை 2007இல் பரவலாகத் திறந்துவிட்டபோது பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் தகராறு செய்தன. விலக்குப் பட்டியல் நீண்டது. கடைசியில் ஹப் தவிர மற்றவற்றுக்கு அதை இயல்பாகவே நிறுத்திவைத்தார்கள். பிசிஐ சாதனங்களில் ஏற்பாடு இன்னும் நயமானது: டிரைவரை இணைக்கும்போதே லினக்ஸின் மையமான கெர்னல் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிடும், புது முறை தெரிந்த டிரைவர் அதைக் குறைக்கும், தெரியாதது குறைக்காது, சாதனம் விழித்தே கிடக்கும். இங்கே மௌனத்துக்கு மறுப்பு என்று பொருள். செலவும் அற்பம்தான். 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் எடுக்கும் கன்வெர்ட்டர் ஆண்டு முழுக்க விழித்திருந்தாலும் 4.4 யூனிட்.

கணினி முழுவதும் உறங்கும்போது மட்டும் கதை மாறுகிறது. உறங்கத் தெரியாத யூஎஸ்பி டிரைவரைக் கெர்னல் கழற்றிவிட்டுத் தூங்கும். எழுந்ததும் மறுபடி மாட்டும். அதே மௌனம் இங்கே சம்மதமாகிவிடுகிறது. இதற்கு நியாயம் உண்டு: மூடியை மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் ஒரு பழைய டிரைவருக்காக விழித்திருந்தால் சூடேறிப்போகும். ஆனால் கொட்டகையில் மூடியை யாரும் மூடவில்லை. உறங்கச் சொன்னது வெறும் நேரக்கணக்கு. மனிதர் இட்ட உறக்கத்தையும் கடிகாரம் இட்ட உறக்கத்தையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பிழை என்பேன். முன்னதை எந்த டிரைவரும் தடுக்கக் கூடாது. பின்னதற்குப் பேசாத டிரைவரின் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் பழைய சாதனம் ஒன்று இருந்தாலே அலுவலகக் கணினி உறங்காதே என்று கேட்கலாம். செருகியிருப்பது கணக்கில் வராது, திறந்திருப்பதே வரும். திரை எப்போது வேண்டுமானாலும் அணையட்டும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் உறக்கத்தைத் தடுத்துவைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. எடை மென்பொருள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அந்த மென்பொருளும் பழசு என்பதே சிக்கல். திறந்திருக்கும் போர்ட்டுகளைக் கெர்னலே எண்ணிவைத்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை. கடைசிச் சாக்கு போய் மென்பொருளை மூடியதும் எண்ணிக்கை பூஜ்யமாகும். கணினி விடியும்வரை உறங்கலாம்.