தடித்த சாய்வெழுத்து: ஒரு வரலாற்றுக் குறிப்பு

சாய்வெழுத்து தொடக்கத்தில் நேரெழுத்தின் துணையன்று; தனித்ததோர் அச்செழுத்து. 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்தில் விர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். அறிஞர்தம் விரைந்த கையெழுத்தே அதற்கு மூலம். முனைக்கோடுகளற்ற 'சான்ஸ்-செரிஃப்' அச்செழுத்தோ 1816இல் இலண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி ஏட்டில் பேரெழுத்துகளாக மட்டுமே தோன்றியது. விரைந்த கையெழுத்தோடு அதற்கு உறவில்லை. பின்னாளில் அதனைச் சாய்க்க முற்பட்டோர் வேறுபட்டது இவ்விடத்தில்தான். 1928இல் வெளிவரத் தொடங்கிய எரிக் கில்லின் கில் சான்ஸ் சாய்வில், 'ஏ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து கையால் எழுதுவதுபோல் ஒற்றை அடுக்காகிறது. அட்ரியன் ஃபுரூட்டிகரின் யூனிவர்ஸ் (1957) சாய்விலோ, நேரெழுத்தின் ஈரடுக்கு வடிவமே சரிந்து நிற்கிறது.

யூனிவர்ஸின் 21 வகைகளும் எண்களால் குறிக்கப்பட்டன. 55 இயல்பு, 56 அதன் சாய்வு, 65 தடிப்பு, 66 தடித்த சாய்வு. தடித்த தலைப்பினுள் நூற்பெயர் வருமிடத்து அதனைப் பிரித்துக் காட்டுவதே 66க்கு உரிய பணி எனலாம். பத்தி முழுவதையும் அதில் அமைப்பின் அழுத்தம் எதன்மீதென்பதே விளங்காது. சாய்வு வகை தனியே வரையப்படாத தமிழ் எழுத்துருக்களைக் கணினி சாய்க்கும்போதும் நிகழ்வது இத்தகைய சரிவே. எந்தக் கையெழுத்து மரபும் அதன் பின்னணியில் இல்லை.