கொல்லிமலையின் நாடுகளும் தமிழ்நாடும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் செம்மேடு அமைந்திருப்பது வாழவந்தி நாட்டில். அறப்பளீசுவரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். சேலூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று மலை முழுவதும் இப்படித்தான். ஒவ்வொன்றும் சில சிற்றூர்கள், அவற்றுக்கு நடுவே படிக்கட்டு வயல்கள், சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், அவ்வளவே. இன்று ஊராட்சிகளின் பெயர்களும் இவைதாம்.

நாடு என்றால் தேசம் என்றே பழகிவிட்டவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பழைய வழக்கு மலையில் இருப்பதுதான். காட்டுக்கு எதிராக, மனிதர் குடியேறிப் பயிரிட்ட நிலமே நாடு. பாரியின் பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்ததாகப் புறநானூறு சொல்கிறது. வல்வில் ஓரி ஆண்ட கொல்லியும் அத்தகைய குறுநிலமே. சோழர் கல்வெட்டுகளிலோ நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு. அதன் சபையினர் நாட்டார். நிலம், வரி பற்றிய முடிவுகளில் அவர்களுக்குப் பங்குண்டு. நாடுகள் பல சேர்ந்தது வளநாடு, அதற்கும் மேலே மண்டலம். சமவெளியில் பிற்கால ஆட்சிகளும் தாலுகாக்களும் இந்த அடுக்கை அழித்துவிட்டன. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் கொல்லிமலையில் நாடுகள் தங்கிவிட்டன.

நாடு என்ற அதே சொல் மொழியின் பெயரோடு சேர்ந்து பெரும்பரப்பைக் குறிப்பதும் புதிதன்று. தமிழ்நாடு என்ற பெயர் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் சென்னை நகரின் பெயரே வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரப் பிரதேசமும் கேரளமும் தமக்குரிய பெயரைப் பெற்றன. இங்கேயோ தலைநகரின் பெயரே நீடித்தது. பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் அந்த ஆண்டு ஜூலை 27 முதல் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், மாநிலம் அமைவதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். அவர் உயிரோடிருந்தபோதே முடித்திருக்க வேண்டிய வேலைக்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் 1968-இல் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாள் கழித்து, பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.